எழுதுகோல் கற்பித்த அச்செழுத்து

திருமறையாம் திருக்குர்ஆன் முதன்முதலாக அருளப்பெற்றபோதே, அதன் தொடக்க வசனங்களில் ஓதுதலும் எழுதுகோலும் இணைத்துப் பேசப்பட்டன. 'அல் கலம்' என்று எழுதுகோலின் பெயராலேயே ஓர் அத்தியாயமும் அம்மாமறையில் அமைந்துள்ளது. ஆகவே எழுத்தைப் பேணுதல் என்பதை முஸ்லிம் பெருமக்கள் தம் மீது சுமத்தப்பட்ட ஓர் அமானிதமாகவே கருதி வந்தனர். இறைவேதம் மக்காவில் இறங்கியது, கெய்ரோவில் ஓதப்பட்டது, இஸ்தான்புல்லில் எழுதப்பட்டது என்னும் பொருளில் ஒரு வழக்குரை முஸ்லிம் உலகில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

இன்றோ நாம் எழுதுவது குறைந்து, அச்சிட்டதைப் படிப்பதே மிகுந்துவிட்டது. நாம் படிக்கும் ஒவ்வோர் எழுத்தும், அது தமிழாயினும் அரபாயினும், யாரோ ஒருவரால் வளைவும் தடிப்பும் இடைவெளியும் அளந்து வரையப்பட்டதேயாகும். இத்திறனைப் பயிற்றுவிக்கவென்றே கவின்கலைக் கல்லூரிகளில் அச்செழுத்துக் கலை, வரைகலை வடிவமைப்பு ஆகிய பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. "படம் வரையும் கல்லூரிதானே! அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?" என்று ஒதுக்கிவிடும் பெற்றோர் நம்மில் பலர். இஸ்தான்புல் கவின்கலைக் கழகத்தின் வரலாறு அவர்களுக்கு வேறொரு செய்தியைக் கூறுகிறது. ஒரு நாடு முழுவதிலும் சட்டத்தால் வழக்கொழிந்த எழுத்தொன்றை, அழிந்துவிடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்ததில் அக்கழகத்தின் வகுப்பறைக்கும் பங்குண்டு.

எழுத்துக்கென ஒரு மத்ரஸா

உதுமானியப் பேரரசின் இறுதிக் காலமாகிய 1914-ஆம் ஆண்டில், இஸ்தான்புல்லில் 'மத்ரஸத்துல் கத்தாத்தீன்' என்னும் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. கத்தாத் என்றால் எழுத்தணிக் கலைஞர். துலுத், நஸ்க், தஃலீக் முதலிய எழுத்து வகைகளோடு, பொன்வண்ண அணிவேலை, நூற்கட்டு, வண்ணநீரில் தோய்த்து அலையோவியத் தாள் செய்தல், எழுதுதாளுக்கு மெருகேற்றல் ஆகியனவும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஒரு நூல் தாளாகப் பிறந்து அட்டை கட்டி முடியும்வரை வேண்டிய அனைத்துக் கலைகளும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. இன்றைய வரைகலைக் கல்லூரி ஒன்றின் பாடத்திட்டத்தை இது நினைவூட்டுகிறது அன்றோ?

காமில் அக்திக், இஸ்மாயீல் ஹக்கி அல்துன்பெஸெர், நஜ்முத்தீன் ஒக்யாய் போன்ற பேராசான்கள் அங்கே பணியாற்றினர். இவர்களுள் நஜ்முத்தீன் ஒக்யாய் (1883–1976) தனிச்சிறப்புடையவர். உஸ்குதார் பகுதியின் புதிய வாலிதா பள்ளிவாசலில் இமாமாகத் தொழுவித்தவர், எழுத்தணிக் கலைஞர், அலையோவியத் தாளில் மலர்களை மலரச் செய்தவர், நூற்கட்டுநர், வில்வித்தை வீரர், ரோஜாச் செடிகளை வளர்ப்பதில் பெயர் பெற்றவர். ஆயிரம் கலை அறிந்தவர் என்னும் பொருள்படும் பட்டத்தால் மக்கள் அவரை அழைத்தனர்.

உஸ்தாதின் முன்னே மாணவர்

அக்கலையைப் பயிற்றும் முறை நூற்றாண்டுகளாக வழிவழி வந்ததாகும். மாணவர் முதலில் எழுதிப் பழகுவது அலிஃப், பா அன்று. காரியத்தை எளிதாக்கி நன்மையோடு நிறைவேற்றித் தருமாறு இறைவனிடம் வேண்டும் சிறு துஆ ஒன்றையே முதலில் எழுதுவார். உஸ்தாத் ஒரு வரி எழுதிக் கொடுக்க, மாணவர் அதைப் பார்த்து எழுதி வருவார். பிழைபட்ட எழுத்தின் அடியில் ஆசிரியர் சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவார். அது செம்மையுறும்வரை அடுத்த பாடம் கிடையாது. இவ்வொரு வரியிலேயே பல மாதங்கள் கழிவதும் உண்டு. பின்னரே தனி எழுத்துகளும், இரண்டிரண்டாகச் சேரும் எழுத்துகளும், முழு வசனங்களும் வரிசையாக வரும்.

எழுத்தின் அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராக விளங்கிய இப்னு முக்லா வகுத்ததாகக் கூறப்படும் முறையே அடிப்படை. நாணல் எழுதுகோலின் சாய்ந்த முனையைத் தாளில் வைத்து அழுத்தினால் சாய்சதுரப் புள்ளி ஒன்று விழும். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, நூனின் குழிவு இத்தனை புள்ளி என்று எல்லா எழுத்துகளும் அப்புள்ளியாலேயே அளக்கப்படுகின்றன. எழுதுகோல் பெரிதானால் புள்ளியும் பெரிதாகும்; எழுத்தும் அதே விகிதத்தில் வளரும். கைப்பிடி அளவு தாளுக்கும் பள்ளிவாசலின் குவிமாடத்திற்கும் ஒரே விதி.

எழுதுகோலை வெட்டிச் சீவுவதும், விளக்குக் கரியிலிருந்து மசி கூட்டுவதும், முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசித் தாளை மெருகேற்றுவதும் பாடத்தின் பகுதிகளே. பல்லாண்டுப் பயிற்சி நிறைவுற்றபின் இஜாஸா வழங்கப்படும். தாம் எழுதியதன் அடியில் தம் பெயரை எழுதும் உரிமை அதன் பின்னரே மாணவருக்கு உண்டு. தேறும்வரை பெயரிட அனுமதியில்லை என்னும் இவ்வொழுக்கம், திறமையோடு அடக்கத்தையும் ஊட்டியது.

சட்டம் மாற்றிய எழுத்து

1924-இல் துருக்கியில் மத்ரஸாக்கள் மூடப்பட்டபோது இக்கல்விக்கூடமும் பெயர் மாறித் தொடர வேண்டியதாயிற்று. அதைவிடப் பேரிடி 1928-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விழுந்தது. துருக்கி மொழியை இனி இலத்தீன் எழுத்துகளிலேயே எழுத வேண்டும் என்று அந்நாட்டுப் பேரவை சட்டமியற்றியது. 1929 தொடக்கம் முதல் துருக்கி மொழி நூல்கள் புதிய எழுத்திலேயே அச்சாக வேண்டும் என்றாயிற்று. கடைப் பெயர்ப்பலகை முதல் நாளிதழ் வரை யாவும் மாறின. அச்சுக்கூடங்களில் அடுக்கடுக்காக இருந்த பழைய ஈய எழுத்துகள் பயனற்றவையாயின. எழுத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்தோர் திகைத்து நின்றனர்.

அவர்களுள் முஸ்தஃபா ஹலீம் ஒஸ்யாஸிஜி (1898–1964) தோட்ட வேளாண்மையில் இறங்கினார். தியார்பக்கிரில் பிறந்த ஹாமித் அய்தாச் (1891–1982) தம் சிறு தொழிற்கூடத்தில் பொருள்களுக்கான சிட்டைகளும் அட்டைகளும் அச்சிட்டுக் காலந்தள்ளினார். ஆயினும் இருவரும் எழுதுகோலை உறையிலிட்டு வைத்துவிடவில்லை. ஹாமித் எழுதிய வசனங்கள் பின்னாளில் இஸ்தான்புல்லின் ஷிஷ்லி பள்ளிவாசலை அலங்கரித்தன.

கவின்கலைக் கழகம் திறந்த கதவு

ஓவியரும் தொல்பொருள் அறிஞருமான உஸ்மான் ஹம்தி பே 1882-இல் நிறுவிய கவின்கலைக் கூடம், பின்னாளில் இஸ்தான்புல் கவின்கலைக் கழகமாக வளர்ந்தது. ஐரோப்பிய முறை ஓவியமும் சிற்பமும் கட்டடக் கலையும் பயிற்றும் நிறுவனம் அது. 1936-இல் பழைய எழுத்துப் பள்ளியின் வழிவந்த கல்விக்கூடம் இக்கழகத்தோடு ஒரு துறையாக இணைக்கப்பட்டது. காமில் அக்திக், நஜ்முத்தீன் ஒக்யாய் ஆகியோர் இங்கும் ஆசிரியர்களாக அமர்ந்தனர். தோட்ட வேலைக்குச் சென்ற ஹலீமும் பின்னர் இங்கே எழுத்தாசிரியரானார்.

நாட்டின் நடைமுறையில் இல்லாத எழுத்தை அரசுக் கலைக்கழகமே கற்பித்தது வியப்பிற்குரியது. கலை என்னும் பெயரால் அதற்கொரு நாற்காலி கிடைத்தது. அந்நாற்காலியே அதன் உயிரைக் காத்தது. நஜ்முத்தீன் ஒக்யாயிடம் எழுத்துப் பயின்று இஜாஸா பெற்ற உகுர் தெர்மான் தொழிலால் ஒரு மருந்தாளுநர். அவரே பின்னர் இத்துறையின் தலைசிறந்த வரலாற்றாசிரியராக விளங்கினார்.

இரு எழுத்தும் கற்ற ஒரு பேராசிரியர்

அக்கழகத்தில் அச்செழுத்துக் கலையையும் எழுத்தணிக் கலையையும் ஒருசேர உணர்ந்தவர் எமீன் பாரின் (1913–1987). அவர் ஜெர்மனிக்குச் சென்று நூற்கட்டும் எழுத்துக் கலையும் பயின்று திரும்பி, கவின்கலைக் கழகத்தில் ஆசிரியரானார்.

அன்றைய ஜெர்மனியின் எழுத்து வகுப்புகளுக்குப் பின்னணியாக இலண்டனில் நிகழ்ந்த ஒரு மறுமலர்ச்சி இருந்தது. 1899-இல் இலண்டன் மத்தியக் கலை கைவினைப் பள்ளியில் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்பவர் எழுத்து வகுப்பைத் தொடங்கினார். பழஞ்சுவடிகளை ஆராய்ந்த அவர், இலத்தீன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பட்டை முனை எழுதுகோலால் பிறந்தவை என்பதை உணர்ந்து, மாணவர்களை மீண்டும் அவ்வெழுதுகோலைப் பிடிக்கச் செய்தார். 1906-இல் வெளியான அவரது பாடநூலை, அவருடைய மாணவியாகிய அன்னா சைமன்ஸ் 1910-இல் ஜெர்மன் மொழியில் ஆக்கினார். இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளுக்காக 1916-இல் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்தின் வழிவந்த வடிவமே இன்றளவும் அங்கே வழிகாட்டுகிறது. முனையைச் சாய்வாக வெட்டிய நாணலைக் கொண்டு நம் முன்னோர் கற்பித்த அதே உண்மையை, மேலைநாட்டார் தம் எழுத்துக்காக மீண்டும் கண்டெடுத்தனர் எனலாம்.

எமீன் பாரின் கையில் இவ்விரு மரபுகளும் சந்தித்தன. 1953-இல் திறக்கப்பட்ட அங்காரா நினைவிடமாகிய அனித்கபிரின் சுவர்களில் இலத்தீன் எழுத்து வாசகங்களை வடிவமைத்தவர் அவர். கூஃபி எழுத்தின் நேர்கோடுகளைக் கொண்டு புதுமையான அரபு எழுத்தோவியங்களைப் படைத்தவரும் அவரே. புதிய எழுத்தை வெறுத்து ஒதுங்கவும் இல்லை; பழைய எழுத்தை மறந்து போகவும் இல்லை.

ஈயத்தில் சிக்கிய எழுத்து

கையெழுத்துக் கலைக்கு ஏன் இத்தனை முதன்மை, அச்செழுத்தைக் கணிப்பொறியே தந்துவிடுகிறதே என்று சிலர் வினவலாம். அதற்கு அரபு அச்சின் வரலாறே விடை பகரும்.

அரபு எழுத்துகள் இருபத்தெட்டு. அவற்றுள் அலிஃப், தால், ஃதால், ரா, ஸா, வாவ் ஆகிய ஆறும் அடுத்த எழுத்தோடு கைகோப்பதில்லை. ஏனையவை தனித்தும், சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் நான்கு வடிவங்களை ஏற்கின்றன. இலத்தீன் எழுத்துக்கென அமைந்த ஈய அச்சு முறையோ ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் கட்டையாகப் பிரிப்பது. இணைந்து ஓடும் எழுத்தை வெட்டித் துண்டாக்கிப் பின் ஒட்டவைக்கும் வேலையாயிற்று அது.

1537–38-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் வெனிஸ் நகரில் பகனீனி என்போர் திருக்குர்ஆனை அச்சிட்டனர். எழுத்தின் இயல்பறியாதோர் செய்த அப்பதிப்பில் தால், ஃதால் ஆகியவற்றின் வேறுபாடு கூடச் சரியாகக் காட்டப்படவில்லை. ஒரு புள்ளி தவறினால் பொருளே மாறும் மறைக்கு இந்நிலை என்றால், முஸ்லிம்கள் அதை எப்படி ஏற்பர்? அப்பதிப்பில் ஒரேயொரு பிரதி மட்டும் 1980-களில் வெனிஸ் மடாலயம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது.

இஸ்தான்புல்லில் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா 1727-இல் அனுமதி பெற்று, 1729-இல் அகராதி ஒன்றைத் தம் முதல் நூலாக வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆயா சோஃபியாவின் மாபெரும் வட்டப் பலகைகளை எழுதிய காழி அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் அவர்களின் நஸ்க் கையெழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஓகன்னஸ் என்னும் ஆர்மேனியக் கைவினைஞர் ஈய எழுத்துகளைச் செதுக்கினார். கத்தாதின் கையும் அச்சுக் கைவினைஞரின் உளியும் ஒன்றுகூடிய பின்னரே அச்செழுத்து அழகு பெற்றது.

உருது மொழியின் நஸ்தஃலீக் எழுத்து இதைவிடச் சிக்கலானது. ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து சரிந்து இறங்கும். எனவே உருது நாளிதழ்களைக் காத்திபுகள் கையாலேயே எழுதி வந்தனர். 1981-இல் கணிப்பொறி அச்சுக்கோப்புக்கான 'நூரி நஸ்தஃலீக்' எழுத்துரு வெளிவந்து அந்நிலையை மாற்றியது. இணைந்த எழுத்துக் கூட்டங்களை ஆயிரக்கணக்கில் தம் கையாலேயே எழுதித் தந்து அதை உருவாக்கிய மிர்சா அஹ்மத் ஜமீல், பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர் என்பது நாம் கருத்திற்கொள்ளத் தக்கது.

வகுப்பறையில் நிகழ்வது என்ன?

இன்றைய கவின்கலைக் கல்லூரிகளின் அச்செழுத்து வகுப்பிலும் தொடக்கம் பெரும்பாலும் கையிலிருந்தே வருகிறது. பட்டை முனை எழுதுகோலால் எழுதி, எழுத்தின் எலும்புக்கூட்டை மாணவர் உணர்கின்றனர். பின்னர் எழுத்தின் கருமையை மட்டுமன்றி, அதனுள்ளும் அதைச் சூழ்ந்தும் உள்ள வெண்மையைக் காணப் பழகுகின்றனர். இரு எழுத்துகளின் இடைவெளி, சொல்லிடை, வரியிடை, வரியின் நீளம் ஆகியவை படிப்பவரின் கண்ணுக்கு எவ்வாறு இதமளிக்கின்றன என்று சோதிக்கின்றனர். ஒரு பக்கத்தில் எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது அடங்கி நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதே வரைகலை வடிவமைப்பின் உயிர். மருந்துப் புட்டியின் சிட்டையில் அளவைக் குறிக்கும் எண் தெளிவாகத் தெரிவதும் இக்கல்வியின் பயனே.

பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1992-இல் வரைகலை வடிவமைப்புப் பாடப்பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற நாதின் ஷாஹின் என்னும் இலெபனான் பெண்மணி, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்பை மேற்கொண்டு கற்றார். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர் ஏட்ரியன் ஃப்ரூட்டிகரோடு இணைந்து அவர் வடிவமைத்த அரபு எழுத்துரு 2007-இல் வெளிவந்தது. அரபு எழுத்து வடிவங்கள் படிப்போருக்கு எத்துணை எளிதாக அமைகின்றன என்பதை ஆய்ந்து, 2012-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நம் வீட்டுப் பெண்மக்களும் ஏற்றுச் சிறக்கக்கூடிய துறை இது என்பதற்கு அவரே சான்று.

பழைய ஆசான் மரபும் வற்றிவிடவில்லை. ஹாமித் அய்தாச்சின் மாணவர் ஹஸன் செலபி (1937–2025). அவரிடம் 1988-இல் இஜாஸா பெற்றவர் முஹம்மத் ஸகரிய்யா என்னும் அமெரிக்கர். அமெரிக்க அஞ்சல் துறை 2001 செப்டம்பர் முதல் நாள் வெளியிட்ட பெருநாள் அஞ்சல்தலையில், நீலப் பின்னணியில் பொன்னெழுத்தால் 'ஈத் முபாரக்' என மிளிர்ந்தது அவருடைய கையெழுத்தே. அடுத்த பத்து நாள்களில் நியூயார்க் தாக்குதல் நிகழ்ந்து, முஸ்லிம்கள் மீது ஐயப்பார்வை படர்ந்த காலத்திலும் அத்தலை பின்னர் மீண்டும் வெளியிடப்பட்டது. பல சொற்பொழிவுகள் ஆற்ற வேண்டிய பணியை ஒரு சிறு தாள்துண்டு அமைதியாக ஆற்றியது.

நம் இல்லங்களுக்கு

நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தமிழ் வாசகம் செம்மையாக இருக்கும். அதன் உச்சியில் உள்ள அரபு வாசகமோ சில வேளைகளில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் தலைகீழாக நிற்கும். அரபு எழுத்தின் இணைப்பையும் திசையையும் அறியாத பழைய மென்பொருளில் அவ்வாசகத்தை ஒட்டுவதே இதற்குக் காரணம். அச்சிடுவோர் அரபு அறியார். ஓதத் தெரிந்த நாமோ அச்சுக்கு முன் சரிபார்ப்பதில்லை. இரண்டையும் அறிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருந்தால் இக்குறை நேருமா?

தமிழ் முஸ்லிம்களுக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்தில் குறிகள் சேர்த்து அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை வளர்த்தவர்கள் நம் முன்னோர். எழுதிய கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றிப் பதிக்கும் கல்லச்சு முறை, ஈய எழுத்தின் தடைகளைக் கடந்து அந்நூல்களைத் தமிழகத்திலும் இலங்கையிலும் பரப்பிற்று. அந்நூல்களை இன்று மறுபதிப்புச் செய்யவும், கணிப்பொறியில் செவ்வனே கோக்கவும், இரு எழுத்தின் இயல்பும் அறிந்த இளைஞர்கள் வேண்டும்.

உருவப்படம் வரைதல் பற்றிய மார்க்க ஐயத்தால் கலைக்கல்லூரியைத் தவிர்ப்போர் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். எழுத்தும் வடிவியல் அணியும் முஸ்லிம் உலகம் நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்த்த கலைகள். கல்லூரிகளின் தொடக்க ஆண்டில் மனித உருவம் வரையும் பாடம் இருக்கக்கூடும். சேர்வதற்கு முன்பே பாடத்திட்டத்தைக் கேட்டறிந்து, தேவையெனில் ஆலிம் ஒருவரிடம் கலந்து முடிவு செய்வது நலம். 1850-இல் தோன்றிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1961-இல் நிறுவப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்றவற்றில் இத்துறைக் கல்வி கிடைக்கிறது.

பொருட்செலவின்றித் தொடங்கவும் வழியுண்டு. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்கு ஒரு நாணல் எழுதுகோலைச் சீவிக் கொடுங்கள். தினமும் ஒரு வரி எழுதட்டும். நல்ல எழுத்துக்கும் கோணிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதன் கண் கண்டுகொள்ளும். எழுத்தை நேசிக்கும் அப்பிள்ளை நாளை ஒரு வடிவமைப்பாளராகி, நம் பிள்ளைகளின் பாடநூலையும் நம் பள்ளிவாசலின் பெயர்ப்பலகையையும் செம்மையுறச் செய்யுமானால், எழுதுகோலைச் சிறப்பித்த மார்க்கத்திற்கு அதுவும் ஒரு நற்பணியே. இன்ஷா அல்லாஹ், அத்தகைய கைகள் நம் இல்லங்களிலிருந்தே உருவாகட்டும்.